நாலாம் பாகம்

இரண்டாவது முறையும் சொட்டு மருந்து விட்டாகிவிட்டது. "கண்ணைத் திறக்காம உக்காருங்க சார், கண்பாப்பா நல்லா விரியணும். அரை மணி நேரம் ஆகும்" என்று சொல்லிவிட்டு சிஸ்டர் அடுத்த நாற்காலிக்குப் போனாள். தாயுமானவன் தலையைச் சுவரில் சாய்த்துக்கொண்டான். மருந்து மூக்கு வழியாக இறங்கித் தொண்டையில் கசந்தது. மணி பத்தே முக்கால் இருக்கும். இல்லை, பத்து ஐம்பது. இன்னும் பத்து நிமிஷத்தில், ஜப்பானில் மத்தியானம் இரண்டரை ஆகும்போது, ஒரு வீடியோ கேம் கம்பெனியில் நீள மேசையைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து திரையைப் பார்ப்பார்கள். திரையில் தூத்துக்குடியிலிருந்து பெனடிக்டா இருப்பாள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டிருப்பாள், முடியை உயர்த்திக் கட்டியிருப்பாள், வீடியோவில் வருகிற அதே மஞ்சள் சுவர் பின்னால் இருக்கும். இருபத்தாறு வயது. அவன் இங்கே திருச்சியில் ஒரு கண் ஆஸ்பத்திரியின் பிளாஸ்டிக் நாற்காலியில், சர்க்கரை கண்ணுக்குப் போயிருக்கிறதா என்று பார்ப்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். நாற்பத்து நாலு வயது. பக்கத்தில் மனைவி சுகந்தி பைலை மடியில் வைத்துக்கொண்டு டோக்கன் எண்ணைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். திரும்பிப் போகும்போது அவனுக்குக் கண் சரியாகத் தெரியாது என்பதால் வந்திருக்கிறாள். சனிக்கிழமை போகலாமே, எனக்கும் லீவு என்று அவள் சொன்னாள். அவன்தான் செவ்வாய்க்கிழமை என்றான். செவ்வாய்க்கிழமைதான் கூட்டம் குறைவாக இருக்கும் என்றான். கூட்டம் குறைவாக இல்லை. இருமல் சத்தமும் செருப்புச் சத்தமும் ஸ்பிரிட் வாசனையும் நாலா பக்கமும் இருந்தன. யாரோ பெரியவர் ஒருவர், பக்கத்து வரிசையில், இன்னும் எத்தனை நேரம், இன்னும் எத்தனை நேரம் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

சீனியர் ரசிகர். அந்த வார்த்தை மறுபடியும் வந்துவிட்டது. காலையில் பல் தேய்க்கும்போது வந்தது, ஆட்டோவில் வந்தது. பெனடிக்டா தன் வீடியோவின் பதினான்காவது நிமிஷத்தில் சொல்கிறாள்: "இந்த மேப் எல்லாம் ஒரு சீனியர் ரசிகர் கையால வரைஞ்சது." அவ்வளவுதான், அடுத்த வரிக்குப் போய்விடுகிறாள். நான்கு நொடி. சீனியர் ரசிகராம். பஸ்ஸில் முன் இருக்கையை விட்டுக் கொடுப்பதுபோல. அந்த கேமின் மூன்று பாகத்துக்குமாக நாற்பத்தோரு தீவுகள், ஒவ்வொன்றையும் டிரேசிங் பேப்பரில் வைத்து, பாறை எங்கே, சுழல் எங்கே, எந்தத் துறையில் விளக்கு எரியும், எந்தத் துறையில் எரியாது என்று வரைவு வேலைக்கான ராட்ரிங் பேனாவில் வரைந்தது அவன். நெடுஞ்சாலைத் துறையில் வரைவாளராக இருக்கிறவனுக்கு அது கைப்பழக்கம் என்று சொல்லலாம். ஆனால் ரோடு போடுகிற வரைபடத்தில் அவன் கை அப்படி ஒரு நாளும் நின்று நின்று போனதில்லை. அந்த வரைபடங்கள் பதினோரு லட்சம் பேர் பார்த்த வீடியோவில் நான்கு நொடி ஓடுகின்றன. அவள் விரல் அதன்மேல் நகர்கிறது. நகத்தில் நீலப் பாலிஷ்.

அவளுக்கு என்ன தெரியும். அந்த கேம் வந்தபோது அவள் பிறக்கவேயில்லை. 'மூன் ஃபெரி' என்று பெயர். அவன் வளர்ந்த பாலக்கரையில் யாரும் அப்படிச் சொன்னதில்லை, ஓடக்காரன் என்றுதான் சொல்வார்கள். ஒரு ஓடக்காரன் ராத்திரியில் தீவு தீவாக ஆட்களை ஏற்றி இறக்குகிறான், சுடுவது கிடையாது, குத்துவது கிடையாது, ஏறுகிற ஒவ்வொருவரும் ஒரு கதை சொல்வார்கள், அந்தக் கதையைக் கவனித்தால்தான் பாறை எங்கே என்று தெரியும். சிங்கப்பூரிலிருந்து வந்த சித்தப்பா டிவி கேம் பெட்டியையும் மூன்று கேசட்டுகளையும் கொண்டுவந்து கொடுத்தபோது அவனுக்குப் பன்னிரண்டு வயது. தெருப் பையன்கள் கூடத்தில் தரையெல்லாம் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்கு இங்கிலீஷ் படிக்க வராது. அவன் ஒவ்வொரு வரியையும் படித்துத் தமிழில் சொல்வான். சொல்லச் சொல்ல அவர்கள் அவன் வாயைப் பார்ப்பார்கள், டிவியைப் பார்க்க மாட்டார்கள். அப்படி யாரும் அவன் வாயைப் பார்த்தது அதற்கு முன்னும் இல்லை, பிறகும் இல்லை. ஓடக்காரன் என்ற பெயரை அவன்தான் வைத்தான். அல்லது கண்ணுச்சாமி வைத்தானோ. கண்ணுச்சாமி இப்போது திருப்பூரில் இருக்கிறான், போன் செய்வதில்லை. யார் வைத்தால் என்ன, பாலக்கரைக் கூடத்தில் வைத்த பெயர் அது. இப்போது நாலாம் பாகம் கேட்டு பெனடிக்டா போட்டு, மூன்று லட்சம் பேர் கையெழுத்திட்ட மனுவில் அந்தப் பெயர் இருக்கிறது. பிரேசிலில் இருக்கிறவன்கூட இங்கிலீஷ் எழுத்தில் ஓடக்காரன் என்று எழுதுகிறான். எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பெனடிக்டாவிடமிருந்து வந்தது என்பான்.

மூன்றாம் பாகத்தின் முடிவில் ஓடம் மூடுபனிக்குள் போகும். திரை வெள்ளையாகிவிடும். வெள்ளைக்குள் துடுப்புச் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்கும், பிறகு அதுவும் நின்றுவிடும். தொடரும் என்று எழுத்து வரும். தொடரவில்லை. கம்பெனி வேறு ஏதேதோ செய்தது, கைமாறியது, கடையில் துட்டுப் போட்டு ஆடுகிற மிஷின்கள் செய்தது. முப்பது வருஷமாகிவிட்டது. இமைக்குள் இப்போது அதே வெள்ளைதான் இருக்கிறது. ஆரஞ்சு கலந்த வெள்ளை. மேலே டியூப்லைட் இருக்கவேண்டும்.

"வலிக்குதா?" என்றாள் சுகந்தி.

"இல்ல."

"நெத்தியைச் சுருக்கிக்கிட்டே இருக்கீங்க."

அவன் நெற்றியை விட்டான். விட்டதும் தாடை இறுகியது. அதையும் விட்டான். இரண்டாயிரத்து மூன்றில், தில்லைநகரில் ஒரு பிரவுசிங் சென்டரில், மணிக்கணக்கில் உட்கார்ந்து அவன் ஆரம்பித்த இணையத் தளத்துக்கு 'ஓடத்துறை' என்று பெயர் வைத்தான். இரண்டாயிரத்து ஒன்பதில் நாலாம் பாகம் வேண்டும் என்று ஒரு மனு போட்டான். நானூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து. அதில் நாற்பது அவனே வேறு வேறு மெயிலில் போட்டது. கம்பெனியிலிருந்து பதில் வரவில்லை. பிறகு வருஷா வருஷம் ஆட்கள் குறைந்தார்கள், கல்யாணம் ஆனது, பிள்ளை பிறந்தது, ஒருத்தர் செத்துப்போனார், கடைசியில் தளத்தில் அவனும் ஒரு போலந்துக்காரனும்தான் இருந்தார்கள். அப்போதுதான் அவள் வந்தாள். இரண்டாயிரத்துப் பத்தொன்பது. காலேஜ் படித்துக்கொண்டிருந்தாள். அண்ணே, இரண்டாம் பாகத்துல உப்புத் தீவுக்கு எப்படிப் போறது என்று தமிழில் கேட்டிருந்தாள். தளத்தில் தமிழில் எழுதிய முதல் ஆள். அன்று அவன் எவ்வளவு சந்தோஷப்பட்டான் என்பதை நினைத்தால் இப்போது காது சுடுகிறது. ஒரு பக்கத்துக்குப் பதில் எழுதினான். எந்தக் கதையை எப்படிக் கேட்கவேண்டும் என்று எழுதினான். அவள் கேட்கக் கேட்க எல்லாவற்றையும் கொடுத்தான், வரைபடம், குறிப்பு, கேசட்டுகளோடு சித்தப்பா கொண்டுவந்த கேம் விளக்கப் புத்தகத்தின் ஒவ்வொரு பக்கமும். இரண்டு வருஷம் அவனிடம் கேட்டுக்கொண்டிருந்தவள், பிறகு கேட்பதை நிறுத்தினாள். ஏனென்றால் அவளுக்கே தெரிந்துவிட்டது. பிறகு அவளிடம் மற்றவர்கள் கேட்க ஆரம்பித்தார்கள். ஏழு மாசத்துக்கு முன்னால் அந்த வீடியோ. அவன் அதை எத்தனை தடவை பார்த்தான் என்று யாருக்கும் தெரியாது. நன்றாக இருந்தது. அதுதான் தாங்க முடியவில்லை. அவன் இருபது வருஷத்துக்கு மேலாக எழுதி எழுதிச் சொல்ல வராததை அவள் பத்தொன்பது நிமிஷத்தில், சிரித்துக்கொண்டு, நடுவில் தண்ணீர் குடித்துக்கொண்டு சொல்லிவிட்டாள்.

வேறு பெயரில் ஒரு கணக்குத் தொடங்கி, இந்தப் பொண்ணு மூணாம் பாகத்தை முடிச்சதே இல்லை என்று கீழே எழுதினான். அவள் பதில் போட்டாள்: உண்மைதான், கடைசிப் பாறைகிட்ட எப்பவும் தோத்துருவேன், ஆனா முடிச்ச ஒருத்தரை எனக்குத் தெரியும், அவர் சொல்லித்தான் முடிவு தெரியும். அந்தப் பதிலுக்கு நாலாயிரம் லைக். அவனைப் புகழ்ந்ததற்கும் அவளுக்குத்தான் லைக்.

சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. ஒரு தடவை. எடுத்துக் கண்ணைத் திறந்தான். வெளிச்சம் முழுவதுமாக உள்ளே பாய்ந்தது, ஆட்கள் ஓரம் கரைந்து நின்றார்கள், போனில் எழுத்து இருந்த இடத்தில் சாம்பல் கோடுகள் நெளிந்தன. தூரமாகப் பிடித்தான், கிட்டே பிடித்தான். "சார், மூடுங்க, மூடுங்க" என்று எங்கிருந்தோ சிஸ்டர் வந்து தலையை நிமிர்த்தி மறுபடி ஒரு சொட்டு விட்டாள். கன்னத்தில் வழிந்ததை சுகந்தி பஞ்சால் துடைத்தாள். "யாருங்க, ஆபீசா?" என்றாள். "ஏதோ விளம்பரம்" என்றான்.

விளம்பரமாகவும் இருக்கலாம். கூட்டம் முடிந்திருக்காது. அவளே பேசிக்கொண்டிருப்பாள், மெசேஜ் எங்கே போடப்போகிறாள். நீங்களும் வாங்க அண்ணே என்று அவள் கேட்டாள். கேட்கவில்லை என்று சொல்ல முடியாது. ஒன்பது நாளைக்கு முன்னால் கேட்டாள். மனுவைப் பார்த்துட்டு கம்பெனிக்காரங்க செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்குப் பேசுறாங்க, நீங்க பக்கத்துல இருந்தா எனக்குத் தைரியம், முகம் காட்ட வேண்டாம், குரல் மட்டும் போதும். அன்னைக்கு எனக்கு ஆஸ்பத்திரி இருக்கும்மா என்று எழுதினான். எழுதிவிட்டு அதற்குப் பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து செவ்வாய்க்கிழமைக்கு நேரம் வாங்கினான். ஆமாம், அப்படித்தான் நடந்தது. அதை யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை. அவளோடு போய் அவள் பக்கத்தில் குரலாக உட்கார்ந்திருக்க அவனால் முடியாது. ஜப்பான்காரர்கள் அவளைப் பார்த்துப் பேசுவார்கள், அவள் திரும்பி, இந்த சீனியர் ரசிகர் சொல்லட்டும் என்பாள், அவன் இங்கிலீஷ் திக்கும்.

அதே மெசேஜில் இன்னொன்றும் கேட்டிருந்தாள். அண்ணே, அந்தக் கடிதத்தோட போட்டோ இருந்தா அனுப்புவீங்களா. அதற்கு அவன் பதில் எழுதவில்லை. நீல டிக் விழுந்தது, அவளும் பார்த்திருப்பாள்.

அந்தக் கடிதம். அந்த கேம் புத்தகத்தின் பின்னட்டையில் கம்பெனி விலாசம் இருந்தது. பதினாலு வயதில் அந்த விலாசத்துக்கு இங்கிலீஷில் எழுதினான், ஓடக்காரன் மூழ்கிவிட்டானா என்று. நாலு மாசம் கழித்து ஜப்பான் தபால்தலை ஒட்டிய கவர் வந்தது. உள்ளே ஒரு தாள். நீலப் பென்சிலில் வரைந்த ஒரு தீவு, நடுவில் கிணறு, கிணற்றுக்குப் பக்கத்தில் கட்டிக் கிடக்கிற ஓடம், ஓரத்திலெல்லாம் ஜப்பான் எழுத்து. கீழே இரண்டு வரி இங்கிலீஷ்: அன்புள்ள திரு தாயுமானவன், ஓடம் மூழ்கவில்லை, கொஞ்சம் காத்திருங்கள், இது நாலாம் பாகத்தின் முதல் தீவு. கையெழுத்தில் ஒரு பெயர், கேமின் முடிவில் முதலாவதாக ஓடுகிற அதே பெயர். இந்த உலகத்தில் நாலாம் பாகத்துக்கு ஒரு துண்டுக் காகிதம் இருக்கிறது என்றால் அது பாலித்தீன் உறையில் அவன் பீரோவில்தான் இருக்கிறது. தளத்தில் போடவில்லை. பொய் என்பார்கள் என்று முதலில் பயந்தான், பிறகு எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று பயந்தான். ஒரே ஒரு தடவை, மழை நாள், ஆபீசில் கரண்ட் இல்லை, சாட்டில் பெனடிக்டாவிடம் சொன்னான். ஏன் சொன்னான். தன்னிடம் இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது என்று காட்ட வேண்டியிருந்தது. கூடவே, என் பேரு எங்கேயும் வரக்கூடாது, ஆபீசுல தெரிஞ்சா சிரிப்பாங்க, ஒரு நாளும் எழுதாதே என்றும் சொன்னான்.

சொன்னான். அதுவும் உண்மைதான். சீனியர் ரசிகர் என்று அவள் சொன்னதற்கு வேறு என்ன சொல்லியிருக்க முடியும். இந்த இடத்துக்கு வந்ததும் நினைவு எப்போதும் வழுக்கி வேறு பக்கம் போய்விடும். இன்றைக்குக் கண்ணும் மூடியிருக்கிறது, போக இடமில்லை. அவள் சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருக்கிறாள். அது தெரிந்த பிறகும் அந்த எரிச்சல் அப்படியேதான் இருந்தது. இன்னும் கொஞ்சம் கூடியதுபோலக்கூட இருந்தது. குறை சொல்ல ஒன்றும் இல்லாத ஆளை வைத்துக்கொண்டு என்ன செய்வது.

போன் மறுபடி அதிர்ந்தது. நின்றது. மறுபடி. பிறகு அடித்தே விட்டது. எடுப்பதற்குள் நின்றுபோனது. மறுபடி அதிர்ந்தது.

"விளம்பரமா இது?" என்றாள் சுகந்தி. "குடுங்க, படிக்கிறேன்."

அவன் போனைப் பிடித்துக்கொண்டிருந்தான். அவள் காத்திருந்தாள். கொடுத்தான்.

"பெனடிக்டா தூத்துக்குடின்னு போட்டிருக்கு. அஞ்சு மெசேஜ்." அவள் பேங்க் பாஸ்புக் படிக்கிற குரலில் படித்தாள். "'அண்ணே, லைன்லதான் இருக்கேன்.' அடுத்தது, 'பழைய மூணு பாகத்தையும் மறுபடி வெளியிடலாம்னு யோசிக்கிறாங்க.' அடுத்தது, 'நாலாம் பாகம்னு ஒண்ணு யோசிக்கவே இல்லைன்னு சொல்றாங்க. அவங்ககிட்ட ஒரு காகிதமும் இல்லையாம்.' அப்புறம், 'உங்ககிட்ட இருக்குன்னு நான் சொல்லலை. நீங்க சொல்லச் சொல்லலை. ஆனா இப்ப காட்டலேன்னா பிறகு கேக்க மாட்டாங்கண்ணே.' கடைசியா, 'இன்னும் பத்து நிமிஷம்தான்.'" அவள் நிறுத்தினாள். "எது இருக்கு உங்ககிட்ட?"

பெரியவர் இன்னும் எத்தனை நேரம் என்று கேட்டார். தாயுமானவனுக்குத் தொண்டைக் கசப்பு நாக்குக்கு வந்தது. அனுப்பாமல் இருக்கலாம். கண் தெரியவில்லை, ஆஸ்பத்திரியில் இருந்தேன், பார்க்கவில்லை. யாரும் குற்றம் சொல்ல முடியாது. அவளால்கூட. பழைய மூன்று பாகமும் திரும்பி வரும், அது அவள் கொண்டுவந்ததாக இருக்கும், இருக்கட்டும், நாலாவது யாருக்கும் இல்லாமல் அவன் பீரோவில் இருக்கும். அந்த நினைப்பு இனித்தது. அவ்வளவு இனிப்பாக இருந்ததால்தான் அவனுக்குப் பயம் வந்தது. அனுப்பினால் அவள் திரையில் அதைத் தூக்கிக் காட்டுவாள். அந்த நாலைந்து பேர் முகமும் மாறும். அந்த மாறுகிற முகங்களை அவள் பார்ப்பாள், அவன் பார்க்க மாட்டான். முப்பது வருஷம் காத்திருந்தது அந்த ஒரு முகத்துக்காகத்தான், அதை அவள் பார்ப்பாள்.

"என்னங்க, பத்து நிமிஷம்னு போட்டிருக்கு" என்றாள் சுகந்தி.

"போட்டோல போ" என்றான். "போன வாரம் எடுத்தது. நீலப் பென்சில்ல ஒரு படம்."

கடிதத்தை அவன் போட்டோ எடுத்திருந்தான், மெசேஜ் வந்த அன்றைக்கே, அவள் பெயர்வரைக்கும் போய், அனுப்பாமல் வைத்திருந்தான். சுகந்தி விரலால் தள்ளுகிற சத்தம் கேட்டது. ரோடு போட்டோ, ரோடு போட்டோ, மகள் பிறந்தநாள், ரோடு போட்டோ என்று முணுமுணுத்தாள். பிறகு சத்தம் நின்றது.

"உங்க பேரு போட்டிருக்கு இதுல."

"ஆமா."

"ஜப்பான்ல இருந்து உங்களுக்கு வந்த லெட்டரா இது?"

"சின்ன வயசுல."

"அனுப்பட்டுமா?"

இல்லை என்று சொல்ல வாய் திறந்தது, அது அவனுக்கே தெரிந்தது. "அனுப்பு" என்றான். பிறகு, "கீழே எழுது, என் பேரைச் சொல்லலாம்னு எழுது. முழுப் பேரு. இனிஷியலோட." அப்படிச் சொன்னதில் பெருந்தன்மை ஒன்றும் இல்லை. அந்தக் காகிதம் போகிற இடத்துக்குப் பெயரும் போகட்டும், அவளுடையதாக மட்டும் போகவேண்டாம், அவ்வளவுதான். சுகந்தி எழுத்து எழுத்தாகத் தட்டினாள். போனது என்றாள்.

அவன் மூடுபனிக்குள் காதை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். டோக்கன் கூப்பிடுகிற குரல், சக்கர நாற்காலி ஒன்று போகிற சத்தம். எட்டு நிமிஷம் இருக்கலாம், அதிகமாகவும் இருக்கலாம். போன் அதிர்ந்தது. சுகந்தி படித்தாள்.

"'காட்டினேன் அண்ணே. யாருமே பேசலை. ஒரு வயசான அம்மா எழுந்து திரைகிட்ட வந்து நின்னு பார்த்தாங்க. அது கேமைச் செஞ்சவரோட கையெழுத்துதான்னாங்க. அசலைப் பார்க்கணுமாம், அதுக்குப் பிறகு நாலாம் பாகத்தைப் பத்திப் பேசலாம்னு சொல்லியிருக்காங்க. உங்க பேரைச் சொல்லச் சொன்னாங்க, மூணு தடவை சொல்லிக் குடுத்தேன், அந்த அம்மாவுக்கு வாயில வரலை, ஆனா விடாம சொல்லிப் பார்த்தாங்க. நான் அழுதுட்டேன்.'"

எழுந்து வந்து நின்றாளாம். எப்படி நின்றாள், கையைக் கட்டிக்கொண்டா, திரையைத் தொட்டாளா. பெனடிக்டா பார்த்திருக்கிறாள். அழுதிருக்கிறாள், அழுவதற்கு அவளுக்கு ஒரு காட்சி கிடைத்திருக்கிறது. அவனுக்கு நெஞ்சு நிறைந்திருந்தது, அந்த நிறைவுக்குள்ளேயே பழைய எரிச்சலும் உட்கார்ந்து கடித்துக்கொண்டிருந்தது. முகத்தில் ஈரம் வழிந்தது, மருந்துதான் என்று நினைத்துக்கொண்டான்.

"அந்தப் பொண்ணுக்கு எப்பச் சொன்னீங்க இதை?" என்றாள் சுகந்தி.

"எதை?"

"லெட்டர் இருக்குன்னு."

"நாலஞ்சு வருஷம் இருக்கும். சும்மா பேச்சுவாக்குல."

"எனக்கு ஒரு தடவைகூடச் சொல்லலை. கல்யாணமாகிப் பதினேழு வருஷம் ஆச்சு." சத்தம் உயரவில்லை. "அதே பீரோலதான் என் சேலையும் இருக்கு."

கேலி செய்வாய் என்று நினைத்தேன் என்று சொல்லலாம், அது பாதிதான் உண்மை. சொல்லத் தோன்றவேயில்லை என்பதுதான் மீதி, அதைச் சொல்ல முடியாது. சுகந்தியின் அந்தக் குரல் அவனுக்குப் பழகிய குரல். சுருதிகூட அதேதான். வீடியோவின் பதினான்காவது நிமிஷம் வரும்போது அவனுக்குள் பேசுகிற குரல் அது. குற்றம் சொல்லாமல், தேதியைச் சரியாக நினைவு வைத்துக்கொண்டு, ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பத் தொடுகிற குரல். அது தன் ஒருவனுக்குத்தான் இருக்கிறது என்று அவன் நினைத்திருந்தான்.

அவன் பெயரைக் கூப்பிட்டார்கள். உள்ளே டாக்டர் தாடையைக் கம்பியில் வைக்கச் சொன்னார், மேலே பாருங்க, கீழே பாருங்க என்றார், ஒரு வெள்ளை ஒளியைக் கண்ணுக்குள் விட்டு நெடுநேரம் தேடினார். லேசா ஆரம்பிச்சிருக்கு, பயப்பட ஒண்ணுமில்லை, சர்க்கரையைக் கட்டுப்பாட்டுல வைங்க, ஆறு மாசம் கழிச்சு வாங்க என்றார். சுகந்தி எல்லாவற்றையும் கேட்டு, எந்த மாத்திரை எப்போது என்றும் கேட்டு, பைலில் வைத்துக்கொண்டாள்.

வாசலுக்கு வந்தபோது வெயில் முகத்தில் அறைந்தது. ரோடு, கடைகள், பஸ், எல்லாம் ஒரே வெள்ளையாக உருகி ஓடின. சுகந்தி அவன் முழங்கைக்கு மேலே பிடித்து நிறுத்திவிட்டு ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "வீட்டுக்குப் போனதும் எடுத்துக் காட்டறேன்" என்றான். "முதல்ல இருந்து சொல்றேன்." அவள் பைலை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டாள். அவன் அவள் பக்கம் திரும்பினான். முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெளிச்சம்தான் இருந்தது, பொட்டு மட்டும் கலங்கலாகத் தெரிந்தது. கோபமா, இல்லை அழுகிறாளா, இல்லை ஆட்டோ வருகிறதா என்றுதான் பார்க்கிறாளா. கண்ணை இடுக்கினான், நீர் வழிந்தது, இன்னும் மோசமானது.

"சுகந்தி" என்றான்.

"ஆட்டோ வந்திருச்சு" என்றாள். "குனிஞ்சு ஏறுங்க."